வீட்டுக்குக் களியும் சோறும், எனக்கு மட்டும் மாவுச்சத்து குறைவு – ஒரே சமையலில் முடிக்க வழி சொல்லுங்க

பாலக்கோடு அடுப்படி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் ஐந்து பேர். நாங்க ரெண்டு பேர், பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க ரெண்டு, மாமியார். காலையில் இட்லி இல்லன்னா தோசை, மத்தியானம் சோறு, வாரத்தில் நாலு ராத்திரியாவது கேழ்வரகுக் களி. எனக்கு சுகர் இருக்கு. ஒரு நாளைக்கு மாவுச்சத்து 100 கிராமைத் தாண்டாம பார்த்துக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருக்கார். மத்த நாலு பேருக்கும் அந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது, அவங்க தட்டை மாத்தவும் நான் விரும்பலை.

அடுப்பு ரெண்டு பர்னர்தான். காலையில் ஏழரைக்குள்ள டிபன் முடிச்சு மூணு டப்பா கட்டணும். எனக்குன்னு தனியா ஒரு சமையல் செய்ய நேரம் கிடையாது. நான் கேட்க நினைக்கிறது இதுதான்: அவங்களுக்கு வைக்கிற குழம்பிலிருந்தே எனக்கு எப்படிப் பிரிச்சு எடுக்கிறது? இட்லி தோசை நாளில் நான் என்ன சாப்பிடறது? பருப்பும் புளியும் எவ்வளவு வரைக்கும் பரவாயில்லை? களி சுகருக்கு நல்லதுதானேன்னு மாமியார் சொல்றாங்க, அது எவ்வளவு சரி? முட்டை, கோழி, மீன் எல்லாம் சாப்பிடுவோம். சனிக்கிழமை மட்டும் சைவம்.

மாத்திரை: மெட்ஃபார்மின் 500 காலை, ராத்திரி. கிளிமிபிரைடு 2 காலையில் மட்டும்.

மருந்துக்கடை, கிருஷ்ணகிரி

சகோதரி, சமையலை மாற்றுவதற்கு முன்னால் மாத்திரை விஷயத்தை முடித்துவிடுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பெரிய கவலை இல்லை, அது தனியாகச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. கிளிமிபிரைடு அப்படியல்ல. நீங்கள் சாப்பிட்டது மூன்று இட்லியா இரண்டு முட்டையா என்று பார்க்காமல் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். தட்டில் மாவுச்சத்து பாதியாகி மாத்திரை அதே 2 மில்லிகிராமில் நின்றால், பதினோரு மணி, பன்னிரண்டு மணி வாக்கில் சர்க்கரை தாழ்ந்துபோக நல்ல வாய்ப்பு இருக்கிறது. "நாளைக்கு 100 கிராம் என்று இறங்கப் போகிறேன், கிளிமிபிரைடு அளவைக் குறைக்க வேண்டுமா" என்று எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள். பதில் வரும்வரை ஒரே நாளில் இறங்காமல், வேளைக்குக் கொஞ்சமாகக் குறையுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

கை நடுக்கம், குப்பென்று வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல் வந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. அந்த நேரத்தில் மாவுச்சத்துக் கணக்குப் பார்க்கக் கூடாது. கடலை, பால் போன்றவை இதற்கு உதவாது. கொழுப்பும் புரதமும் சேர்ந்திருப்பதால் அவற்றிலிருந்து சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்தால், மீட்டரில் சர்க்கரை அதிகம் காட்டாமலே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடலாம். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் வந்தால் வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கவே வேண்டாம்.

அரூர் மத்து

மருந்துக்கடை அண்ணன் சொன்னதை முடிச்சுட்டு இதைப் படிங்க தங்கச்சி.

ரெண்டு சமையல் வேண்டாம். ஒரே சமையல்ல மாவு எந்த இடத்துல உள்ள போகுதுன்னு பார்த்து, அதுக்கு முன்னாடி உங்க பங்கை எடுத்துடணும். அவ்வளவுதான் வேலை. கீரைக் கடைசல்ல மாவுச்சத்து வர்ற இடம் பருப்பு. கறிக்குழம்புல பொட்டுக்கடலை அரைச்சு ஊத்துறதும் உருளைக்கிழங்கும். தோசையில மாவு. பொரியல்ல பெரும்பாலும் மாவுச்சத்து கம்மிதான், அதனால பொரியலைத்தான் நீங்க பெருசாக்கணும்.

கீரையில இருந்து ஆரம்பிக்கலாம். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, சிறுகீரை எதுவா இருந்தாலும் செய்முறை ஒண்ணுதான். ரெண்டு பெரிய கட்டு எடுங்க, உங்க பங்கு மட்டுமே கால் கிலோ வேணும். பருப்பு 75 கிராமைக் குக்கர்ல ஒரு கிண்ணத்துல தனியா வேகப் போடுங்க, கீரையோட சேர்க்காதீங்க. கீரையை பச்சை மிளகாய், ரெண்டு தக்காளி, பூண்டு, வெங்காயத்தோட சட்டியில மூடாம வேக வைங்க. மூடினா நிறம் கறுத்துடும். தண்ணியை ஒரு கிண்ணத்துல வடிச்சு வெச்சுட்டு மத்தால கடைஞ்சு, உங்க பங்கை எடுத்த பிறகு பருப்பைக் கொட்டி மறுபடி ஒரு கடை. வடிச்ச தண்ணியை அந்தப் பாதியில தேவைக்கு விட்டுக்கலாம். தாளிப்பு ஒண்ணே போதும், ரெண்டு பாத்திரத்துக்கும் பிரிச்சு ஊத்துங்க.

இதுல ஒரு சிக்கல் வரும். பருப்பு இல்லாத கீரை தண்ணி விட்டுக்கிட்டு தளதளன்னு நிக்கும், தட்டுல ஓடும். வறுத்த வேர்க்கடலையை ஒண்ணு ரெண்டா பொடிச்சு ரெண்டு டீஸ்பூன் போட்டுக் கடையுங்க, பிடிச்சுக்கும். கடலையைப் பொடிச்சு டப்பாவுல வெச்சா ரெண்டு வாரத்துக்கு மேல வேண்டாம், எண்ணெய் கசிஞ்சு சிக்கு வாடை வந்துடும்.

அடுத்தது குழம்பு. சோறு இல்லாம குழம்பு சாப்பிடப் போய்ப் பலபேர் விட்டுடறது இந்த இடத்துலதான். நம்ம குழம்பு சோத்துக்கோ களிக்கோ பிசைஞ்சு சாப்பிடறதுக்காக வைக்கிறது. சோத்துல உப்பு இல்லை, களியில இருந்தாலும் கொஞ்சம்தான். அதனால உப்பு, புளி, காரம் மூணும் அதுக்கும் சேர்த்துப் போட்டிருப்போம். அதை அப்படியே காயோட சேர்த்து ரெண்டு கரண்டி சாப்பிட்டா நாக்கு எரியும், தாகம் எடுக்கும், மூணாவது நாள் குழம்பையே பார்க்கப் பிடிக்காது. அதுக்கு, முதல்ல உப்பு முக்கால் பங்குதான் போடணும். புளிக்கரைசல்லயும் பாதியை மட்டும் ஊத்திக் கொதிக்க விடுங்க. காய் வெந்ததும் காயை அதிகமாவும் குழம்பைக் குறைவாவும் உங்க சட்டியில எடுத்துட்டு, மிச்சப் புளியும் உப்பும் பெரிய சட்டியில போட்டு பச்சை வாடை போக இன்னும் ஏழெட்டு நிமிஷம் கொதிக்க விடுங்க. உங்க பங்குல ரெண்டு மேசைக்கரண்டி கெட்டித் தேங்காய்ப்பால் விட்டு இறக்குனா தனியா சாப்பிடற பதம் வந்துடும். தேங்காய்ப்பால் விட்ட பிறகு கொதிக்க விடாதீங்க, திரிஞ்சு நிக்கும்.

கறிக்குழம்புக்குப் பொட்டுக்கடலையை யாருக்குமே போடாம, அதுக்குப் பதிலா வேர்க்கடலையும் தேங்காயும் சம அளவு அரைச்சு ஊத்துங்க. வீட்டுல யாருக்கும் வித்தியாசம் தெரியாது, கெட்டியும் குறையாது. உருளைக்கிழங்கு பிள்ளைகளுக்கு வேணும்னா நாலா வெட்டின பெரிய துண்டாப் போடுங்க, சுலபமா ஒதுக்கிக்கலாம். சின்னதா நறுக்கினா கரைஞ்சு குழம்புலயே கலந்துடும்.

காலை டிபன். அவங்களுக்குத் தோசை ஊத்தி முடிச்ச கல்லுலயே உங்களுது. ரெண்டு முட்டை, ஒரு மேசைக்கரண்டி தோசை மாவு, பொடியா நறுக்கின வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு. நல்லா அடிச்சுக்கோங்க. அந்த ஒரு கரண்டி மாவுதான் தோசை வாசனையும் ஓரத்துல மொறுமொறுப்பும் கொடுக்குது, அதுல வர்றது 6 கிராம் போலத்தான். கல்லு தோசைச் சூட்டுல இருந்தா முட்டை உடனே கருகி ஒட்டும். தீயைக் குறைச்சு, தண்ணி தெளிச்சுத் துடைச்சு, ஒட்டியிருக்கிற மாவைச் சுரண்டி, நல்லெண்ணெய் தடவி ஒரு நிமிஷம் விட்டு ஊத்துங்க. மூடி வெச்சா திருப்ப வேண்டியதே இல்லை. சட்னியில பொட்டுக்கடலையை விட்டுட்டு வேர்க்கடலைச் சட்னியா எல்லாருக்குமே அரைச்சுடுங்க.

இட்லி நாளில் இதே கலவையை எண்ணெய் தடவின கிண்ணத்துல ஊத்தி இட்லிப் பானையோட மேல் தட்டுல வைங்க. இட்லி வெந்து இறங்கும்போது அதுவும் வெந்திருக்கும். அடுப்பு கூட ஒண்ணு தேவைப்படாது.

ராயக்கோட்டை ரோடு

அரூர் மத்து சொன்னதோடு காய்கறி அளவைச் சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா. ஐந்து பேர் வீட்டில் பொரியலுக்கு வழக்கமாக 400 கிராம் காய் வாங்குவார்கள். அதில் உங்களுக்கு வருவது இரண்டு கரண்டி. சோறு இருந்த இடத்தை இரண்டு கரண்டி பொரியல் நிரப்பாது. நாலு மணிக்குப் பசி எடுத்து முறுக்கு டப்பாவைத் திறக்க வைப்பது இதுதான். உங்களுக்கு மட்டும் 250 முதல் 300 கிராம், பிள்ளைகள் உட்பட மற்ற நாலு பேருக்கும் ஆளுக்கு நூறு என்று வைத்து 700 கிராம் எடுங்கள். பீன்ஸ், கொத்தவரை, புடலை, பீர்க்கன், சுரை, வெண்டை, கத்தரி, கோவைக்காய், முள்ளங்கி, கோஸ், பாகல் எதுவும் சரி. அவரையைப் பிஞ்சுக் காயாகப் போட்டால் கவலை இல்லை, மார்கழி, தையில் வரும் உரித்த கொட்டை என்றால் பயறு கணக்கில்தான் சேரும். கேரட், பீட்ரூட் கொஞ்சம் போதும். உருளை, சேப்பங்கிழங்கு, வாழைக்காய் வேண்டாம். நம் பக்கம் மலிவாகக் கிடைக்கிற மரவள்ளிக்கிழங்கு 100 கிராமில் மாவுச்சத்து 38 கிராம், அதையும் ஒதுக்கிவிடுங்கள்.

குழம்பு பிசைந்து சாப்பிட ஏதாவது வேண்டும் என்று தோன்றினால் காலிஃப்ளவர்தான் வழி. ஓசூர் பக்கத்துக் காலிஃப்ளவர் நன்றாக இறுகி, வெள்ளையாக இருக்கும்போது வாங்குங்கள். விரிந்து மஞ்சள் தட்டியதில் வாடை அதிகம். ஒரு ஆளுக்கு நறுக்கிய பூ 300 கிராம். உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்தால் புழு மிதந்து வந்துவிடும். வடித்துத் துணியில் பரப்பி, குறைந்தது இருபது நிமிடம் காய விடவேண்டும். இந்த இருபது நிமிடத்தைச் சுருக்கினால் சாதம் வராது, கூழ்தான் வரும். பிறகு மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒரு நொடி ஓட்டி நிறுத்தி, மறுபடி ஒரு நொடி. ரவை பருமன் வந்ததும் நிறுத்திவிடுங்கள். அகலமான இரும்புக் கடாயில் இரண்டு டீஸ்பூன் எண்ணெய் விட்டு, பெரிய தீயில் நாலு நிமிடம் கிளறினால் போதும். மூடக்கூடாது. உப்பைக் கடைசியில் போடுங்கள், முன்னால் போட்டால் தண்ணீர் விட்டுவிடும்.

இது கெட்டிக் குழம்புக்கும் கறிக்குழம்புக்கும் நன்றாகச் சேரும். சாம்பாருக்கும் ரசத்துக்கும் சேராது. ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடித்துவிடுங்கள். டப்பாவில் எடுத்துப் போவதாக இருந்தால் சூடு முழுவதும் ஆறிய பிறகு மூடுங்கள், ஆவியோடு மூடினால் மதியம் திறக்கும்போது நாற்றம் அடிக்கும். ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தைக்கோ உங்கள் ஊர்ச் சந்தைக்கோ போய் வந்த அன்றே இரண்டு பூவை உதிர்த்து, சுத்தம் செய்து, காயவைத்து, ஓட்டி, வேளைக்கு ஒரு பொட்டலமாக ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாம். எடுக்கும்போது உருக விடாமல் அப்படியே சூடான கடாயில் போடுங்கள்.

காலிஃப்ளவர் கிடைக்காத நாளில் கோஸை மெல்லிய நூலாகச் சீவி, அதே மாதிரி பெரிய தீயில் வதக்குங்கள். வேலை பாதிதான்.

தென்பெண்ணைக்கரை

களியைப் பற்றி யாருமே சொல்லலையே. நம்ம ஊரு களிதானே, அரிசிச் சோறு மாதிரி சுகரை ஏத்தாதே. களியும் கொள்ளுக் கடைசலும் சாப்பிட்டா இவ்வளவு சிரமமே வேண்டாமே? சாமைச் சோறும் இருக்கு.

எடைத்தராசு

தென்பெண்ணைக்கரை ஐயா, கேழ்வரகு நல்ல தானியம், அதில் சந்தேகமே இல்லை. நூறு கிராம் மாவில் நார்ச்சத்து 11 கிராம் போல, சுண்ணாம்புச்சத்து 340, 350 மில்லிகிராம். தீட்டின அரிசி அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் இந்த அம்மா கேட்டிருப்பது மாவுச்சத்தின் அளவு. அந்த நூறு கிராம் மாவில் மாவுச்சத்து 65 கிராமுக்கு மேல். சாமையிலும் கம்பிலும் ஏறக்குறைய அதே அளவு. தீட்டின அரிசியில் 78. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் "எவ்வளவு வேண்டுமானாலும்" என்று சொல்கிற வித்தியாசம் இல்லை.

உருண்டையாகக் கணக்குப் போடுங்கள். கேழ்வரகு மாவும் அரிசி நொய்யும் சேர்ந்து ஆளுக்கு 80 கிராம் விழுந்தால், அந்த ஒரு உருண்டையில் 55 கிராம் மாவுச்சத்து. இவருடைய ஒரு நாள் அளவில் பாதிக்கு மேல் ஒரே வேளையில் போய்விடும். மேலும் களியை நாம் மெல்லுவதில்லை, குழம்பில் தோய்த்து விழுங்குகிறோம். சீக்கிரம் இறங்கும், அளவு தெரியாது. நைசாக அரைத்த மாவு, நன்றாக வெந்த மாவு, அதனால் செரிப்பதும் வேகம்.

வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. களி கிண்டி இறக்கியதும், ஈரக்கையில் 60 கிராம் எடையில் சின்ன உருண்டை ஒன்று பிடித்துக்கொள்ளுங்கள். சமையல் தராசில் வைத்து ஒருமுறை பார்த்தால் கை பழகிவிடும், பெரிய எலுமிச்சை அளவு வரும். தண்ணீர் எவ்வளவு விட்டீர்கள் என்பதைப் பொறுத்து அதில் 10 முதல் 12 கிராம் இருக்கும். மாமியாரோடு உட்கார்ந்து அதே களியைச் சாப்பிட்டதாகவும் இருக்கும். நொய்யைக் குறைத்து மாவைக் கூட்டினால் எல்லாருக்குமே நல்லது. கேழ்வரகை இப்படிக் குறைக்கும்போது சுண்ணாம்புச்சத்து குறையாமலிருக்க முருங்கைக்கீரை, எள்ளுப் பொடி, தயிர் மூன்றையும் வாரம் முழுக்கச் சுழற்றுங்கள்.

கொள்ளு, துவரை எல்லாம் புரதம் உள்ளவை என்றாலும் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான். காய்ந்த பருப்பு நூறு கிராமில் 55, 60 என்று வரும். கொள்ளுக் கடைசல் ஒரு கரண்டி சரி, ஒரு கிண்ணம் சாப்பிட்டால் ஒரு வேளைச் சோற்றுக்குப் பக்கத்தில் வந்துவிடும். சாம்பாருக்கு ஐந்து பேருக்கு 100 கிராம் பருப்பு போட்டால் ஒரு கரண்டியில் 6, 7 கிராம் வரும். மேலாகத் தெளிவாகவும் காயாகவும் எடுத்தால் இன்னும் குறையும். புளிக்குப் பயப்பட வேண்டாம். எலுமிச்சை அளவு உருண்டை முழுவதிலும் 15, 18 கிராம்தான், ஐந்து பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு மூன்று, நாலு.

ஒரு நாளைக்கு இப்படி வரும். காலையில் முட்டைத் தோசை, வேர்க்கடலைச் சட்னி 13. சர்க்கரை இல்லாத டீ இரண்டு, ஒவ்வொன்றிலும் 100 மில்லி பால், ஆக 10. மதியம் காலிஃப்ளவர் 15, சாம்பார் ஒரு கரண்டி 7, பொரியல் 12, தயிர் ஒரு கிண்ணம் 5. மாலையில் 30 கிராம் வேர்க்கடலை 5. இரவில் பருப்பில்லாத கீரை 10, கோழிக்குழம்பு 6, சின்னக் களி உருண்டை 11. கூட்டினால் 94. ஒவ்வொரு டீயிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டால் இதே கணக்கு 110-ஐத் தாண்டிவிடும். முதலில் கைவைக்க வேண்டியது அந்தச் சர்க்கரையில்தான். வேர்க்கடலையைப் பொட்டலத்திலிருந்து நேராகச் சாப்பிடாமல் அளந்து கிண்ணத்தில் போட்டுக்கொள்ளுங்கள், அது கை நிற்காத பண்டம்.

பாலக்கோடு அடுப்படி

ரொம்ப நன்றி எல்லாருக்கும். டாக்டருக்கு இன்னைக்கே ஃபோன் பண்ணிக் கேட்கறேன். இன்னும் மூணு சந்தேகம். சனிக்கிழமை சைவத்துக்குப் புரதம் எப்படி? பிள்ளைங்க தட்டுல மிச்சம் வைக்கிற இட்லியும் சோறும் கொட்ட மனசு வராம நானே சாப்பிட்டுடறேன், அதுக்கு என்ன செய்யலாம்? அப்புறம் பழைய சோறு, குளிர்ந்த சோறுல சுகர் ஏறாதுன்னு சொல்றாங்களே, உண்மையா?

அரூர் மத்து

சனிக்கிழமைக்குப் பன்னீர் வீட்டுலயே எடுத்துடுங்க. கொழுப்பு நிறைஞ்ச பால் ஒரு லிட்டர் பொங்கினதும் அடுப்பை அணைச்சு ஒரு நிமிஷம் விடுங்க. ரெண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறுல அதே அளவு தண்ணி கலந்து, கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் கிளறுங்க. பச்சையாத் தெளிஞ்ச தண்ணி பிரிஞ்சதும் ஊத்தறதை நிறுத்திடணும், மிச்சச் சாறு இருந்தா இருக்கட்டும். அதிகமா ஊத்தினாலும், கொதிக்கக் கொதிக்க ஊத்தினாலும் பன்னீர் ரப்பராயிடும். துணியில வடிச்சுப் பச்சைத் தண்ணியில ஒரு அலசு அலசி, அம்மிக்குழவியை மேல வெச்சு அரை மணி நேரம் விட்டா 180 கிராம் போல நிக்கும். பால்ல இருக்கிற சர்க்கரை பெரும்பாலும் வடிஞ்ச தண்ணியோட போயிடுது, அதனால அந்தத் தண்ணியை நீங்க குடிக்காதீங்க. பிள்ளைகளுக்குச் சப்பாத்தி மாவு பிசைய ஊத்துங்க, சப்பாத்தி மிருதுவா வரும்.

இல்லன்னா மீல்மேக்கர் 40 கிராம். அதுல புரதம் 20 கிராம், மாவுச்சத்து 13. வெந்நீர்ல பத்து நிமிஷம் ஊற வெச்சு, ரெண்டு தடவை தண்ணி மாத்திப் பிழிஞ்சாத்தான் அந்தப் பச்சை வாடை போகும். கத்தரிக்காய்க் குழம்புலயே போட்டுடலாம், வீட்டுல எல்லாரும் சாப்பிடுவாங்க.

மிச்சம் வைக்கிறதுக்கு வழி, பரிமாறும்போதே குறைச்சு வைக்கிறதுதான். ரெண்டு இட்லி வெச்சு, கேட்டா மூணாவது. தட்டுல படாம பாத்திரத்துல மிஞ்சின இட்லி சாயங்காலம் பிள்ளைகளுக்கு இட்லி உப்புமா. மிஞ்சின களியைத் தண்ணி ஊத்தி வெச்சா காலையில மோர் விட்டுக் கரைச்சு வீட்டுக்காரருக்குக் கூழ். ஒவ்வொண்ணுக்கும் போற இடம் முன்கூட்டியே முடிவாயிருந்தா உங்க வாய்க்கு வராது. சமைக்கும்போது ருசி பார்க்கறதையும் கரண்டி நுனியோட வெச்சுக்கோங்க. பசியோட சமைக்காதீங்க, அதுதான் முக்கியம். அடுப்புல நிக்கறதுக்கு முன்னாடி அவிச்ச முட்டை ஒண்ணு சாப்பிட்டுடுங்க.

எடைத்தராசு

பழைய சோறு பற்றி: வேக வைத்து ஆற விட்ட சோற்றில் ஒரு சிறு பங்கு மாவு செரிக்காத வகையாக மாறுவது உண்மை. பெரும்பங்கு அப்படியேதான் இருக்கும். சூடான சோற்றுக்கு அது கொஞ்சம் மேல், உங்கள் கணக்கில் இருந்து கழிக்கிற அளவுக்கு இல்லை. "சுகர் ஃப்ரீ" பிஸ்கட், பல தானிய ஆட்டா போன்றவற்றையும் இதே கண்ணோடு பாருங்கள். பாக்கெட்டின் பின்னால் கார்போஹைட்ரேட் என்று போட்டிருக்கும் எண்தான் பேச்சு.

மாம்பழக் காலம் வரும்போது கேள்வி வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். சதை 100 கிராமில் 15 கிராம் இருக்கிறது. முழுப் பழத்தைக் கையில் எடுத்தால் 30, 40 என்று போகும். அறுத்துத் தட்டில் போட்டு, ஒரு கன்னத்தில் பாதி மட்டும், களி உருண்டை இல்லாத வேளையில், சாப்பாட்டோடு சேர்த்து. சாறாகவோ கூழாகவோ வேண்டாம். பச்சை மாங்காயை வெல்லம் போடாமல் பொரியலிலும் குழம்பிலும் சேர்த்துக்கொள்ளலாம்.

மருந்துக்கடை, கிருஷ்ணகிரி

இன்னும் இரண்டு விஷயம். முதல் வாரத்தில் தலைவலி, சோர்வு, கால் பிடிப்பு வரலாம். மாவுச்சத்து குறையும்போது உடலில் இருந்து தண்ணீரும் உப்பும் கூடுதலாக வெளியேறுவதுதான் காரணம். முதலில் மீட்டரில் பார்த்து, சர்க்கரை தாழவில்லை என்று உறுதி செய்துகொண்டு, நீர்மோரில் கால் டீஸ்பூன் உப்புப் போட்டுக் குடியுங்கள். ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை எடுப்பவர்கள் இதைச் செய்யும் முன் பிரஷரைப் பார்க்கவேண்டும். அவர்களுக்குப் பிரஷர் இறங்கி எழுந்து நின்றால் தலைசுற்றலும் வரலாம், மாத்திரை அளவு மாற வேண்டியிருக்கும். மலச்சிக்கல் வந்தால் பெரும்பாலும் காய்கறி அளவு போதவில்லை என்று பொருள், ராயக்கோட்டை ரோடு சொன்ன 300 கிராமைப் பிடியுங்கள், தண்ணீரையும் கூட்டுங்கள்.

மீட்டரை யூகத்துக்கு விடாமல் பயன்படுத்துங்கள். சாப்பிடும் முன் ஒரு முறை, முதல் வாய் வைத்ததிலிருந்து 2 மணி நேரம் கழித்து ஒரு முறை. ஒரு இரவு அதே கோழிக்குழம்போடு 60 கிராம் களி, இன்னொரு இரவு களி இல்லாமல். இரண்டு ஏற்றத்தையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் உடம்புக்கு அந்த உருண்டை சரியா, இன்னும் சின்னதாக்க வேண்டுமா என்பது தெரிந்துவிடும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டையே கொண்டுபோங்கள், கிளிமிபிரைடு அளவை முடிவு செய்ய அவருக்கு உதவும்.

பாலக்கோடு அடுப்படி

டாக்டர்கிட்ட பேசியாச்சு. கிளிமிபிரைடை 1 ஆக்கி, ரெண்டு வாரம் ரீடிங் எழுதிட்டு வரச் சொன்னார். ஒண்ணே ஒண்ணு கேட்கணும் அரூர் அக்கா: கருவாட்டுக் குழம்புக்கும் தேங்காய்ப்பால் விடலாமா?

அரூர் மத்து

வேண்டாம் தங்கச்சி, கருவாட்டுக்குச் சேராது. கருவாட்டை வெந்நீர்ல பத்து நிமிஷம் போட்டு, ரெண்டு தடவை கழுவி உப்பை இறக்கிடுங்க. கத்தரிக்காயும் முள்ளங்கியும் வழக்கத்தைவிட ரெண்டு மடங்கு போட்டு வைங்க. உங்க தட்டுக்குக் காயாவே நாலு கரண்டி எடுத்துக்கிட்டு, குழம்பை மேல ஒரு சுத்து மட்டும் விட்டுக்கோங்க. வதக்கின கோஸ் கூட வெச்சுக்கிட்டா காரம் தெரியாது.